வலி போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பிள்ளைகளின் ஃபைப்ரோமயால்ஜியாவை வீட்டில் கையாள்வது எப்படி

என் மகளுக்கு அப்போது 13 வயது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இரட்டைச் சடை பின்ன உட்கார வைத்தால், சீப்பு தலையில் படுவதற்கு முன்பே தோளைக் குறுக்கிக்கொள்வாள். ரிப்பனை இறுக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "சும்மா தொட்டாலே வலிக்குதும்மா" என்பாள். பள்ளிக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அப்புறம் கழுத்து, முதுகு, முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். ராத்திரி சீக்கிரம் படுத்தாலும் காலையில் அடித்துப் போட்டதுபோல் எழுந்தாள், படித்தது மண்டையில் நிற்கவில்லை என்றாள். ஏழு மாதத்தில் நான்கு டாக்டர்கள், மூன்று முறை ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், எல்லாமே நார்மல். ஒருவர் "ஒண்ணுமில்லம்மா, பொண்ணுக்கு ஸ்கூல் பிடிக்கல போல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் ஒரு வாதநோய் மருத்துவர்தான் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் அவளிடமே பேசி, அங்கங்கே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இது ஃபைப்ரோமயால்ஜியா என்றார்.

பெயர் தெரிந்ததும் பாதி நிம்மதி வந்தது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை, நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். எங்கள் பெரிய தப்பு, வலி முழுசாகப் போன பிறகு பள்ளிக்கு அனுப்பலாம், வலி போன பிறகு விளையாடட்டும் என்று காத்திருந்தது. அப்படிக் காத்திருந்து இரண்டரை மாதம் படுக்கையிலேயே போயிற்று, வலி ஒரு துளி குறையவில்லை. இந்த நோயில் தூக்கமும் நடையும் பள்ளியும்தான் முதலில் திரும்ப வேண்டும். வலி அதற்குப் பிறகுதான், அதுவும் மெல்ல மெல்ல இறங்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதலில், இது உண்மையான வலி. தசையிலோ மூட்டிலோ காயம் இருக்காது, அதனால்தான் எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் ஒன்றும் தெரிவதில்லை. கோளாறு இருப்பது, வலியை வாங்கிக் கணக்குப் பண்ணும் நரம்பு மண்டலத்தில். கோயில் திருவிழாவில் மைக் செட் வைத்திருப்பார்களே, பேசுகிறவர் மெல்லத்தான் பேசுவார், ஆனால் ஆம்ப்ளிஃபயரில் கூட்டி வைத்ததால் தெருக்கோடி வரை காது கிழியும், அதுபோலத்தான். சாதாரணமாகத் தொடுவது, பையின் பட்டை தோளில் அழுத்துவது, பெஞ்சில் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பது எல்லாம் மூளைக்குப் போகும்போது வலியாகப் பெருகிவிடுகிறது. தூக்கம் கெட்டால் இன்னும் கூடும், பயமும் கவலையும் இருந்தால் அதற்கும் மேல் கூடும். இதைப் பிள்ளைக்கும் அதன் பாஷையில் சொல்லுங்கள். "உன் உடம்பு உடையல, சத்தம்தான் கூடியிருக்கு" என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் என் மகள் நடக்கப் பயப்படுவதைக் கொஞ்சம் விட்டாள்.

பிள்ளைகளுக்குக்கூட இது வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரும். 1985-லேயே அமெரிக்காவில் யூனுஸ், மாசி என்ற இரண்டு மருத்துவர்கள் 33 இளம் நோயாளிகளைப் பார்த்து, பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடிக்க அடையாளங்களை எழுதி வைத்துவிட்டார்கள். உடம்பில் மூன்று இடங்களிலாவது மூன்று மாதமாவது வலி, பரிசோதனைகள் நார்மல், கூடவே தூக்கக் கெடுதல், அசதி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, கை கால் மரத்துப்போவது, பதற்றம், தட்பவெப்பம் மாறினால் வலி மாறுவது போன்றவை. பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, வயதுக்கு வரும் பருவத்தை ஒட்டி ஆரம்பிக்கிறது. பையன்களுக்கும் வரும்.

எப்போது இது ஃபைப்ரோமயால்ஜியா இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், எடை குறைந்தால், நொண்டி நடந்தால், தோலில் தடிப்போ காரணமில்லாத ரத்தக்கட்டோ தெரிந்தால், மாடிப்படி ஏறவே முடியாத அளவுக்குத் தசை பலவீனம் இருந்தால், ஒரே இடத்தில் எலும்புக்குள் குடைகிற வலி தினமும் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினால், உடனே குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். மூட்டுவாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), ரத்தப் புற்றுநோய் வரைக்கும் இப்படி ஆரம்பிப்பது உண்டு. ஏற்கெனவே ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கும் இது பொருந்தும், ஒரு நோய் இருப்பதால் இன்னொன்று வராது என்றில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வளர்ச்சி வலி வேறு. அது சாயங்காலமோ ராத்திரியோ இரண்டு காலிலும் வரும், கொஞ்சம் தடவிக் கொடுத்தால் தூங்கிவிடும், காலையில் ஓடி விளையாடும். ஃபைப்ரோமயால்ஜியா பிள்ளைக்குக் காலைதான் பெரும்பாலும் மோசமான நேரம்.

பரிசோதனை விஷயத்தில், ரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு, வைட்டமின் டி, தேவைப்பட்டால் தசை நொதிக்கான சி.பி.கே. இவ்வளவுதான் பெரும்பாலும் கேட்பார்கள். ரத்தசோகையும் வைட்டமின் டி குறைவும் நம் பெண் பிள்ளைகளிடம் நிறையப் பேருக்கு இருக்கும், இருந்தால் சரி செய்துகொள்ளுங்கள், ஆனால் அதோடு வலி மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். லூபஸ் போன்ற நோய்களுக்காகப் பார்க்கும் ஏ.என்.ஏ. என்ற பரிசோதனையை நாமாக லேபில் போய் எடுக்க வேண்டாம். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே அது லேசாக பாசிட்டிவ் வரும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு லூபஸாக இருக்குமோ என்று நான் மூன்று வாரம் தூங்கவில்லை. மூட்டுகள் ரொம்ப வளையும் பிள்ளையா என்றும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டைவிரலை மடக்கி முன்னங்கையில் தொடவைக்க முடிகிற பிள்ளைகளில் சிலருக்கு வலி அந்தத் தளர்ச்சியாலேயே கூடும், அவர்களுக்கு உடற்பயிற்சி கொஞ்சம் வேறு மாதிரி.

எங்கே போவது? உங்கள் குழந்தை நல மருத்துவரிடமே ஆரம்பியுங்கள், வாதநோய்ப் பிரிவுக்கு அவர் எழுதிக் கொடுக்கட்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் இதற்கென்று துறைகள் இருக்கின்றன. ஒருமுறை நல்லபடியாக முடிவு சொல்லிவிட்டால், அப்புறம் டாக்டர் மாற்றி டாக்டர், ஸ்கேன் மாற்றி ஸ்கேன் என்று ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு புது ஸ்கேனும் பிள்ளைக்கு "உள்ளே ஏதோ பெரிசா இருக்கு" என்ற பயத்தைத்தான் கொடுக்கிறது.

தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

13 முதல் 18 வயதுக்கு ராத்திரியில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நம் வீடுகளில் ஐந்தரை மணி டியூஷன், ஏழு மணி வேன், ராத்திரி பதினொன்று வரை ஹோம்வொர்க், இதில் எங்கே எட்டு மணி நேரம்? நாங்கள் முதலில் செய்தது காலை டியூஷனை நிறுத்தியது. சொந்தக்காரர்கள் எல்லோரும் மார்க் போய்விடும் என்றார்கள். இன்றைக்குக் கேட்டாலும், செய்ததில் மிகச் சரியான காரியம் அதுதான் என்பேன்.

எழும் நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி எவ்வளவு மோசமாகத் தூங்கியிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், அதே நேரத்துக்கு எழ வேண்டும். படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தினால் தூக்கம் வராமல் பிள்ளை புரண்டுகொண்டே கிடக்கும், எழும் நேரம் ஒழுங்கானால் தூக்கம் தானாக முன்னால் வரும், இரண்டு மூன்று வாரம் ஆகும். பகலில் படுக்கவே விடாதீர்கள், முடியவே இல்லை என்றால் 20 நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு முன்னால். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். செல்போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் கூட அங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் பிள்ளை கேட்காது. குறட்டை விடுகிற பிள்ளையாக இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நடை: நிமிடக் கணக்கில், வலிக் கணக்கில் இல்லை

எங்கள் வீட்டில் இதுதான் திருப்பம். பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஒரே விஷயம், "வலிக்கும் வரை நட என்று சொல்லாதீங்க, இத்தனை நிமிஷம் நட என்று சொல்லுங்க." வலியைப் பார்த்து நடந்தால் நல்ல நாளில் அளவுக்கு மீறிப் போவார்கள், மோசமான நாளில் அசையவே மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் ஓடியாடி, அப்புறம் ஒரு வாரம் படுத்துவிட்டாள், அவளுக்கும் எங்களுக்கும் இனிமேல் எங்கேயும் போகக்கூடாது என்ற பயம் வந்துவிட்டது. நிமிடக் கணக்கு அந்தப் பயத்தை உடைக்கும்.

மோசமான நாளிலும் கட்டாயம் முடியும் என்று பிள்ளையே ஒத்துக்கொள்கிற அளவில் தொடங்குங்கள். எங்களுக்கு அது மொட்டை மாடியில் ஐந்து நிமிடம், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அவளே நிமிடத்தை எழுதுவாள், வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று பேச்சு. வாரத்துக்கு ஒரு நிமிடம்தான் கூட்டினோம். நல்ல நாளில் "இன்னும் கொஞ்சம் போறேம்மா" என்பாள், வேண்டாம் என்று இறக்கிவிடுவேன், மோசமான நாளில் அதே நிமிடத்தை நடக்கவும் வைப்பேன். முதல் பத்து நாள் அழுதாள், சாயங்காலம் கால் வலி கூடவே செய்தது. புதிதாக அசைகிற தசைக்கு ஓரிரு நாள் வலி கூடுவது சாதாரணம், அதனால் உள்ளே எதுவும் கெட்டுவிடாது என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால்தான் நான் நிறுத்தவில்லை. ஏழாவது வாரம் தாளில் 11 என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, நான் சொல்லாமலே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதி "கூட வந்தா" என்று குறித்திருந்தாள். அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

தினம் அரை மணி நேரம் வரை மெதுவாக ஏற்றலாம். நடையே வேண்டும் என்றில்லை, நீச்சல், சைக்கிள், நடனம், ஷட்டில், பிள்ளைக்குப் பிடித்தது எதுவோ அது, பிடிக்காததைப் பிடித்து இழுத்தால் நிலைக்காது. காலையில் உடம்பு விறைத்திருந்தால் வெந்நீரில் குளித்துவிட்டு ஆரம்பிக்கட்டும். பாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவது இதமாக இருந்தால் தேய்க்கட்டும், அழுத்தி நீவி விடுவது, சுளுக்கு எடுப்பது இதெல்லாம் வேண்டாம்.

பள்ளி

வலி இருக்கும்போதே பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றால் கல் மனசாகத் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கஷ்டமாக்குகிறது. பாடம் சேர்கிறது, தோழிகள் வேறு கூட்டம் சேர்கிறார்கள், பகலில் கவனிக்க வலியைத் தவிர வேறொன்றும் இல்லை. முழு நாளாக வேண்டாம், அவளுக்குப் பிடித்த இரண்டு பீரியடுக்கு முதல் வாரம், மத்தியானம் வரை அடுத்த வாரம், அப்படி ஏற்றுங்கள். வீட்டில் வைத்துப் பாடம் நடத்தும் யோசனை வந்தால் தள்ளிப் போடுங்கள்.

டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, வகுப்பாசிரியரை நேரில், கூட்டம் இல்லாத நேரத்தில் பாருங்கள். நோயின் பெயரை விளக்குவதைவிட என்ன வேண்டும் என்று கேட்பது பலிக்கும். பீரியடுக்கு நடுவில் ஒரு நிமிடம் எழுந்து நிற்க அனுமதி, பாடப்புத்தகம் இன்னொரு செட் வகுப்பிலேயே வைக்க இடம் (பை எடை பாதியாகும், பழைய புத்தகம் சீனியர்களிடம் கிடைக்கும்), வெயிலில் நீண்ட நேரம் நிற்கும் பிரேயரில் உட்கார அனுமதி, எழுதுவது அதிகமான நாளில் நோட்டை நகல் எடுக்க ஒரு தோழி. விளையாட்டுப் பீரியடிலிருந்து முழு விலக்கு மட்டும் கேட்காதீர்கள், அங்கே அவளுக்கேற்ற அளவில் நடக்கட்டும், பந்து எடுத்துப் போடட்டும். ஒரு டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "நடிக்கிறியா" என்று கேட்டிருக்கிறார். நான் சண்டைக்குப் போகவில்லை, கடிதத்தோடு போய்ப் பத்து நிமிடம் பேசினேன், அடுத்த மாதம் அவரே அவளை எழுந்து நிற்கச் சொல்லி ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் பேச்சு

"வலி எப்படி இருக்கு?" என்ற கேள்வியை நிறுத்துங்கள். அன்பில்தான் கேட்கிறோம், நான் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கேட்டிருப்பேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் பிள்ளை தன் உடம்புக்குள் போய் வலியைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் "இன்னிக்கு மேத்ஸ்ல என்ன நடத்துனாங்க" என்று கேளுங்கள். அவளாக வந்து வலிக்கிறது என்றால் ஒரு வரியில் ஒத்துக்கொண்டு, "தெரியுதுடா, கஷ்டமாத்தான் இருக்கும், வா, நம்ம அஞ்சு நிமிஷத்த முடிச்சுருவோம்" என்று திட்டத்துக்குத் திரும்புங்கள். நடிக்கிறாய் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பாவம் படுத்துக்கோ என்றும் சொல்லாதீர்கள், பாட்டிகளுக்குத்தான் இது மிகவும் கடினம், தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வீட்டு வேலை ஒன்றிரண்டு அவளுக்கென்று இருக்கட்டும், மற்றப் பிள்ளைகள் மாதிரியே.

மனநல ஆலோசகரிடம் அனுப்புவதை "அப்ப இது மனசுலதான்னு சொல்றீங்களா" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணங்களையும் நடவடிக்கைகளையும் பழக்கப்படுத்தும் சி.பி.டி. சிகிச்சைதான் பிள்ளைகளிடம் நன்றாகச் சோதித்துப் பார்த்த வழிகளில் ஒன்று. 2012-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 11 முதல் 18 வயதுக்குட்பட்ட 114 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு சி.பி.டி., இன்னொன்றுக்கு நோயைப் பற்றிய பாடம். சி.பி.டி. எடுத்தவர்கள் அன்றாட வேலைகளைச் செய்வதில் தெளிவாக முந்தினார்கள், வலியின் அளவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது வலி இருக்கும்போதே வாழ்க்கை திரும்பி வந்தது. மகளின் டாக்டர் இதைச் சொன்னபோதுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது.

பதற்றமும் மனச்சோர்வும் இந்த நோயோடு நிறைய வரும். தனியாக இருக்கும்போது, பள்ளியிலோ வேனிலோ வேறெங்கோ யாராவது தொந்தரவு கொடுக்கிறார்களா என்று ஒருமுறையாவது நிதானமாகக் கேளுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அதைச் சும்மா விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாத்திரைகள் பற்றிச் சுருக்கமாக. தினமும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை கொடுக்காதீர்கள், இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டுக்கு இதில் வேலையே இல்லை. பெயர் எழுதாத பொடி, லேகியம் கொடுத்து மூன்றே நாளில் வலி பறந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, விலகி நில்லுங்கள். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் டுலாக்ஸடின் என்ற மருந்தை 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் அனுமதித்தது, ஆனால் இளம் வயதில் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. டாக்டர் எழுதினால் முதல் சில வாரம் பிள்ளையின் மனநிலையைக் கூடவே இருந்து பாருங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

முழுசாகப் போய்விடுமா? இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகள் 338 பேரைப் பரிசோதித்ததில் 21 பேருக்கு இது இருந்தது, அவர்களில் 15 பேரை இரண்டரை வருடம் கழித்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பங்குப் பேருக்கு இல்லை. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும் அளவுக்கு அவதிப்படும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில், சுமார் ஆறு வருடம் கழித்தும் பாதிப் பேருக்கு நோய் அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். என் மகளுக்கு இப்போது 16. வலி இருக்கிறது, பழைய அளவில் இல்லை, இந்த வருடம் லீவு ஆறு நாள்.

கடைசியாக, வலி திரும்ப ஏறும் நாட்களுக்கு ஒரு தாள் இப்போதே எழுதி வையுங்கள், ஏனென்றால் அந்த நாளில் யாருக்கும் யோசிக்க வராது. பரீட்சை வாரம், மாதவிடாய், காய்ச்சல் வந்து போன பிறகு, இப்போதெல்லாம் ஏறும். எங்கள் தாள் பீரோ கதவின் உள்பக்கம் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது: எழும் நேரம் மாறாது. வெந்நீர்க் குளியல். நடை வழக்கமான நிமிடத்தில் பாதி, ஆனால் உண்டு. பள்ளிக்கு மத்தியானமாவது போவேன். மூச்சுப் பயிற்சி பத்து நிமிடம். மூன்று நாளில் இறங்கவில்லை என்றால், அல்லது வீக்கமோ காய்ச்சலோ வந்தால் டாக்டருக்கு போன். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், "அம்மா எப்படி இருக்குன்னு கேட்கக் கூடாது."